மனு கொடுத்த காலையில்

கர்நாடகத்தின் குண்டலுபேட்டையில் இரவு ஒன்பது மணிக்குமேல் துக்கச் செய்தி வந்தால் இன்னொரு சங்கடமும் கூடவே வரும். பந்திப்பூர் காட்டுக்குள் போகிற ஊட்டி சாலை, வயநாடு சாலை இரண்டும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். 2009-ல் வந்த தடை இது. காட்டு விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கப் போட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு, சாவுக்குப் போகிறவருக்குக் கிடையாது. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் மைசூர்ப் பக்கம் வர இந்த ஊட்டி சாலைதான் வழி. பாஸ்டர் ஐயா மாரடைப்பில் போய்விட்டார் என்று பத்து மணிக்குத் தகவல் வந்தால், விடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த எட்டு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணிக்காம்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? சர்க்கரை இருந்ததாமே? சாயங்காலம்கூட எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனாரே! செக்போஸ்ட் திறப்பதற்குள் அவருடைய சாவு முழுக்க எழுதப்பட்டுவிடும். வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி வந்திருக்காது.

இப்படிச் சாவுக்குள் வாழ்க்கை தொலைந்துபோனவர்களில் ஒருவர் ஆனி ஃபங்க். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1874-ல் பிறந்த மெனோனைட் பெண். 1906 கடைசியில் இந்தியா வந்து, இன்று சத்தீஸ்கரில் இருக்கும் ஜாஞ்ச்கிரில் ஒரே அறையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் 17 பேர். பெண்ணைப் படிக்க அனுப்புவதே வேண்டாத வேலை என்று ஊர் நினைத்த காலத்தில், வீடு வீடாகப் போய்ப் பேசாமல் பதினேழு பேர் வந்திருக்க மாட்டார்கள். 1912-ல் தாய்க்கு உடம்பு மிக மோசம், உடனே புறப்படு என்று தந்தி வந்தது. பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல், பிறகு இங்கிலாந்து. அங்கே அவர் ஏற வேண்டிய ‘ஹாவர்ஃபோர்ட்’ கப்பல் நிலக்கரி வேலைநிறுத்தத்தால் கிளம்பவில்லை. கூடுதல் பணம் கட்டி வேறொரு கப்பலில் இரண்டாம் வகுப்புச் சீட்டு வாங்கினார். அந்தக் கப்பலின் பெயர் டைட்டானிக். ஏப்ரல் 12 அவருக்கு 38-வது பிறந்தநாள். 15-ம் தேதி விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

உயிர்காக்கும் படகில் தன் இடத்தை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சாட்சியம் கிடையாது. நடந்திருக்கலாம், அவர் குணத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒரே ஒரு இரவைப் பற்றிய அந்தக் கதை உலகமெல்லாம் சுற்ற, ஜாஞ்ச்கிரில் ஐந்து வருஷம் அவர் என்ன பாடம் நடத்தினார், மழைக்காலத்தில் அந்த ஒற்றை அறை ஒழுகியதா என்று கேட்பவர் யாருமில்லை. பிறகு பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பள்ளியும் இப்போது இல்லை.

மெனோனைட்டுகள் என்றால் நம்மூரில் பலருக்குத் தெரியாது. டச்சுப் பாதிரியாராக இருந்து 1536-ல் கத்தோலிக்கச் சபையை விட்டு வெளியே வந்த மென்னோ சைமன்ஸின் பெயரால் வந்த சபை. விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், ஆயுதம் தொடமாட்டார்கள். பழைய வழக்கப்படி, சபைக்குள் இருக்கும் ஒரு குடியானவரையே சீட்டுப் போட்டுப் போதகராக்குவார்கள். சம்பளம் இல்லை. வாரம் முழுக்க உழவு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். அப்படிப்பட்டவர் போய்விட்டால் பிரசங்க பீடம் மட்டுமா காலியாகிறது? அறுப்புக்குக் கை கொடுக்கிற பக்கத்து வயல்காரரும் சேர்ந்தல்லவா போகிறார்!

தமிழ்நாட்டில் திடீர்ச் சாவு என்றால் திருச்சியையும் ரெஜினால்ட் ஹீபரையும் சொல்லாமல் தீராது. கல்கத்தா பிஷப். 1826 மார்ச் 26, ஈஸ்டர் அன்று தஞ்சாவூரில் இருந்தார். அங்கே ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். ஏப்ரல் 1-ம் தேதி திருச்சி வந்து சேர்ந்தார். 3-ம் தேதி விடியற்காலை, கோட்டைக்குள் மிஷனரி ஷ்வார்ட்ஸ் கட்டிய கோயிலில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தினார். ஆராதனை முடிந்ததும் சபையார் ஒரு மனு கொடுத்தார்கள்: எங்களுக்கென்று ஒரு போதகர் வேண்டும். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியவர், கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் ஊர்ப்பெயரையும் தேதியையும் எழுதி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அரை மணி நேரமாகியும் வரவில்லையே என்று வேலையாள் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் உயிரில்லாமல் கிடந்தார். வயது 42. மறுநாள் திருச்சி செயின்ட் ஜான் கோயிலுக்குள் அடக்கம்.

மூன்று நாள் பழக்கம்தான். இன்றைக்கும் புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்தவர் தன்னை ‘ஹீபரைட்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஹீபர் குளிக்கப் போய் இறந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். அன்று காலை அவரிடம் போதகர் கேட்டு மனு கொடுத்தவர்கள் யார், அவர்களுக்கு ஆள் கிடைக்க எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டால் பதில் வராது. தன் மேய்ப்பனுக்காகக் காத்திருந்த அந்தச் சபைதான் அந்த நாளில் உண்மையாகவே கைவிடப்பட்டது என்று தோன்றுகிறது.

ஒரு போதகர் திடுமெனப் போனால் பாதியில் நிற்கிற காரியங்கள் ஒன்றா இரண்டா? ஒரு கல்யாணத்துக்கு இரண்டு ஞாயிறு கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது பாக்கி. திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பாடத்தில். அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு. இரண்டு பேரும் அவர் பேச்சை மட்டும் கேட்பார்கள். யாருடைய காலேஜ் பீஸை அவர் வெளியே தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

அடக்க ஆராதனையில் மாலைகள் குவியும். குண்டலுபேட்டை சுற்றிலும் செண்டுமல்லி விளைகிற ஊர், பூவுக்கா பஞ்சம்? ஒருவர் பின் ஒருவராக மைக்கைப் பிடித்து, கடைசியாக அவரைப் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். சொல்லட்டும், அழுகைக்கு அது வேண்டியிருக்கிறது. நினைவுக் கூடுகைக்கு மட்டும் சபையார் ஒரு காரியம் செய்யலாம். அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பெடுப்பவர் பெயரைப் போட்டு, கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். கல்யாண ஓலையில் ஆரம்பியுங்கள்.