மீனுக்கு முன்னால் வர வேண்டியவை



மீன் வளர்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வம் சொல்லி மாளாது. ஆனால், பல வீடுகளில் நடப்பது ஒரே கதைதான். சனிக்கிழமை கண்ணாடித் தொட்டி வாங்குவார்கள். அன்றே குழாய் நீரை நிரப்பி, அன்றே பத்து மீன்களையும் விடுவார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். கடைக்காரர் நோயுள்ள மீனை விற்றுவிட்டார் என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளையோ தன்னால்தான் மீன் செத்தது என்று மனத்திற்குள் வருந்தும். பெரும்பாலும் இரண்டுமே உண்மையன்று. மீனுக்கு முன்னால் அந்தத் தொட்டிக்குள் வந்திருக்க வேண்டியவை வரவில்லை, அதுவே காரணம்.

மலேசியாவில் அலங்கார மீன் உற்பத்தியில் முன்னணியில் நிற்பது நமது ஜொகூர் மாநிலம். பத்து பகாட், குளுவாங் போன்ற வட்டாரப் பண்ணைகளில் வளரும் மீன்கள் சிங்கப்பூர் வழியாகவும் உலக நாடுகளுக்குப் பயணம் போகின்றன. இத்தகைய மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் மீன் வளர்ப்பின் முதல் பாடத்தையாவது அறிந்திருக்க வேண்டாமா? இந்த எண்ணத்தோடுதான், பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்பளிப்பாகத் தந்த தொட்டியை எங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் அமைத்தோம். பொறுப்பை நான்காம் ஆண்டு மாணவர்கள் ஏற்றனர்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீன் மூச்சு விடும்போதும் கழிவு இடும்போதும் நீரில் அம்மோனியா சேர்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். அம்மோனியா மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் அதை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உள்ளன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான்; அது குருதியில் கலந்தால், நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் வரும் தீங்கு மிகக் குறைவு. நீர்ச்செடிகள் அதை உணவாக எடுத்துக்கொள்ளும்; எஞ்சியதை வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி வெளியேற்றிவிடலாம்.

இவ்வகை நுண்ணுயிர்களை உருசிய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டு வேலைகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015இல்தான் தெரிய வந்தது. அது கிடைத்த இடங்களுள் ஒன்று மீன் வளர்ப்பு நீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டி என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் ஏறத்தாழ இல்லை. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும்.

அம்மோனியா ஏதோ தொட்டிக்குள் மட்டும் உள்ள சிக்கல் என்று எண்ண வேண்டா. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்று நீரில் அம்மோனியா அளவு மிகுந்ததால், நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேலையை நிறுத்த நேர்ந்தது. அம்மோனியா மிகுந்தால் குளோரின் அதனோடு சேர்ந்து தன் ஆற்றலை இழக்கும். இதை வகுப்பில் சொன்னபோது, "அப்படியென்றால் ஆறும் ஒரு பெரிய தொட்டிதானே ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்றைய பாடம் அங்கேயே முடிந்துவிட்டது!

நாங்கள் செய்த முறை

1. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். நீரின் எடை மட்டுமே 50 கிலோவைத் தாண்டும் என்பதால் மாணவர் மேசையைத் தவிர்த்து, சமமான உறுதியான தாங்கியின்மேல் வைத்தோம். வெயில் நேராகப் படும் சன்னலோரமும் கூடாது, பாசி படரும்.

2. முதலில் நீர் நிரப்பி ஒரு நாள் கசிவு பார்த்தோம். கழுவுவதற்கு வெறும் நீர்தான். சவர்க்காரம் அறவே கூடாது. மணலைக் கலங்கல் போகும்வரை அலசினோம்.

3. குழாய் நீரில் உள்ள குளோரின் மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிர்க்கும் ஆகாது. வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் நீங்கும், குளோரமின் நீங்காது. ஆகவே மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் குறித்த அளவில் சேர்த்தோம்.

4. வடிகட்டியை இரவு பகல் நிறுத்தாமல் ஓடவிட்டோம். நம் நாட்டு வெப்பத்திற்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை.

5. மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டோம். அது அழுகித் தரும் அம்மோனியாதான் நுண்ணுயிர்களுக்கு உணவு.

6. மீன் இல்லாத நீர் ஏடிஸ் கொசுவுக்கு விருந்து. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கும் உண்டு. ஆகவே கொசுவலையால் தொட்டியின் வாயை இறுக மூடினோம். வாரம் இருமுறை மாணவர்கள் கைவிளக்கு அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்தனர்.

7. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனைத் துளிகளால் நீரைச் சோதித்து, அளவைச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் எழுதினர்.

ஏற்கெனவே நலமாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு கிடைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் அலசிவிடாதீர்கள். குடியிருப்பவை எல்லாம் மாண்டுவிடும்.

ஒரு சோதனை

பதினெட்டாம் நாள் பெற்றோர் தினம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சங்கத்தின் தலைவர் அறிவியல் மூலைக்கு வந்தார். நல்ல மனிதர்; பள்ளிக்காக ஓடியாடி உழைப்பவர்.

"ஐயா, தொட்டி கொடுத்து இரண்டு வாரத்திற்கு மேலாகிவிட்டது. பெற்றோர்களிடம் வெறும் தண்ணீரையா காட்டுவது? நாலு மீனையாவது விட்டுவிடுங்களேன். செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்," என்றார்.

மாணவர்கள் அருகில்தான் நின்றிருந்தனர். அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். அன்றைய அட்டவணையில் அம்மோனியா இறங்கியிருந்தது. நைட்ரைட்டோ உச்சத்தில் இருந்தது.

"தலைவரே, இந்த எண்களை எழுதியது இவர்கள். இன்று மீன் விட்டால் பிழைக்காது என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்தபின்பும் விடச் சொன்னால், இவர்கள் எழுதியதற்கு என்ன மதிப்பு?" என்றேன்.

அவர் சற்று நேரம் அட்டவணையைப் பார்த்தார். பிறகு, "சரி ஐயா, அன்றைக்கு இவர்களையே பேச விடுங்கள்," என்று சொல்லிச் சென்றார்.

அப்படியே செய்தோம். பெற்றோர் தினத்தன்று மீனில்லாத் தொட்டியின் முன் நின்று மாணவர்கள் விளக்கினர். "கண்ணுக்கே தெரியாததையா வளர்க்கிறீர்கள்?" என்று ஒரு மூதாட்டி வியந்தார். "ஆமாம் பாட்டி, அதை வளர்த்தால்தான் மீன் வளரும்," என்றாள் ஒரு மாணவி. அந்த விடையைவிடச் சிறந்த பாடக்குறிப்பை நான் இதுவரை எழுதியதில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் சுழியம் காட்டின. மீண்டும் தீனி போட்டுச் சோதித்தும் அப்படியே நின்றன. பாதி நீரை மாற்றிவிட்டு ஆறு ரஸ்போரா மீன்களை மட்டும் வாங்கினோம். நம் தீபகற்பத்து ஓடைகளுக்குரிய சின்ன மீன் அது. பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பின்னர் வலையால் எடுத்து விட்டோம். மாதங்கள் கடந்தும் ஆறும் நலமாக உள்ளன.

சிந்தனைக்கு

"செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்பது நாம் எண்ணிப் பாராமல் சொல்லும் சொல். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். காசு கொடுத்து மீனை வாங்கலாம். ஓர் உயிர் நம்மை நம்பி வருவதற்கு முன் அதற்குரிய இடத்தை ஆக்கி வைக்கும் பொறுப்பைக் கடையில் வாங்க முடியாது.

முதலாம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளை சில வாரங்கள் வாய் திறவாமல் இருந்தால், "இன்னும் படிக்கவில்லையே" என்று பெற்றோர் பதறுகின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் அனைத்தையும் உடனே காட்டிவிட விரைகிறோம். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மீன் கேட்டால் மறுக்காதீர்கள். தொட்டியையும் ஒரு குறிப்பேட்டையும் இன்றே வாங்கிக் கொடுங்கள். மீனை அடுத்த மாதம் வாங்குங்கள். எந்த நாளில் வாங்குவது என்பதைப் பிள்ளையின் குறிப்பேடே சொல்லும்.