திருப்பமே இல்லாத ரோட்டில் ஒரு திருப்பம்!

கார் ரிப்பேராகி நிற்பதற்கு நல்ல இடம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஆனால், மோசமான இடங்களை வரிசையாக உட்கார வைத்தால், முதல் பெஞ்சில் இடம் பிடிக்கக்கூடியது ஆஸ்திரேலியாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் நல்லார்பர் சமவெளி. பெயரிலேயே 'நல்ல' இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது லத்தீன். 'நல்லஸ்' என்றால் இல்லை. 'ஆர்பர்' என்றால் மரம். நமக்கு 'நல்ல', அவர்களுக்கு 'இல்ல'!

சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புக்கல். பெய்கிற கொஞ்சநஞ்ச மழையும் கல்லில் உள்ள ஓட்டைகள் வழியாக பூமிக்குள் இறங்கிவிடும். ஆறு இல்லை, ஏரி இல்லை. இதன் தெற்கு விளிம்பை ஒட்டி ஓடுகிறது அயர் நெடுஞ்சாலை. மேற்கே நார்ஸ்மனிலிருந்து கிழக்கே செடூனா வரை 1,200 கிலோமீட்டர். முழுசாகத் தார் போட்டு முடித்ததே 1976-ல்தான். நடுவில் ஊர் என்று மேப்பில் போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு 'ரோட்ஹவுஸ்'தான். அதாவது ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கூடம், பின்னால் சில அறைகள். ஒன்றை விட்டால் அடுத்தது சில இடங்களில் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்!

இந்த ரோட்டில் லாரிக்காரர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் கண்ணில் படுவது இரண்டு ஜாதி. ஒன்று, ரிடையர்டு ஆகி, கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு நாடு சுற்றுகிற கிழத் தம்பதிகள். 'நரைத்த நாடோடிகள்' என்றே அங்கே அவர்களுக்குச் செல்லப்பெயர். இன்னொன்று, முதுகில் மூட்டையோடு சுற்றுகிற இளைஞர்கள், பேக்பேக்கர்கள். பெர்த்தில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் வாங்க வேண்டியது. பின் சீட்டை மடக்கி மெத்தை போட வேண்டியது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு அடிலெய்டிலோ மெல்போர்னிலோ அதை விற்றுவிட்டு விமானம் ஏற வேண்டியது. அவர்களுக்குக் கார்தான் லாட்ஜ், கார்தான் கிச்சன், கார்தான் ஃபிக்ஸட் டெபாசிட்.

என் சித்தி பையனின் திட்டமும் அதேதான்.

'வொர்க் அண்ட் ஹாலிடே' என்று ஒரு விசா. 2024-ல்தான் இந்தியர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 18 முதல் 30 வயது வரை, வருஷத்துக்கு ஆயிரம் பேர், குலுக்கல் முறை. பல்லாயிரம் பேர் போட்ட சீட்டில் இவன் பெயர் விழுந்தது. போனான். மஞ்சிமப் பக்கம் ஆப்பிள் பறித்தான், ஹோட்டலில் தட்டு கழுவினான். சம்பாதித்ததில் பெரும்பகுதியை அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு அனுப்பிவிட்டான். மிச்சம் இருந்தது 3,200 டாலருக்கு வாங்கிய ஒரு கிழட்டு ஸ்டேஷன் வேகன். மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது.

தை மாதம் கல்யாணம். வீட்டில் ஒரே தம்பி. அக்கா கையில் பொரி போட வேண்டியவன் இவன்தான். அடிலெய்டில் காரை விற்றால் டிக்கெட். விற்காவிட்டால்...

"டிக்கெட் நான் எடுத்துத் தரேன்டா" என்று பெர்த்தில் அவனோடு சேர்ந்துகொண்ட அன்றே சொன்னேன்.

"வேணாம்ண்ணா. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு, திரும்பி வர்றதுக்கு உங்ககிட்ட கை நீட்டினா நல்லா இருக்காது. கார் இருக்கில்ல?"

கார் இருந்தது. பல்லடோனியா வரைக்கும் பிரமாதமாகவே இருந்தது. அங்கே ஒரு சின்ன மியூசியம். 1979 ஜூலையில் அமெரிக்காவின் 'ஸ்கைலாப்' விண்வெளி நிலையம் உடைந்து விழுந்ததே, அதன் துண்டுகள் இந்த வட்டாரத்தில்தான் சிதறின. பக்கத்து எஸ்பரன்ஸ் நிர்வாகம் சும்மா விடவில்லை. பொது இடத்தில் குப்பை போட்டதாக நாஸாவுக்கு 400 டாலர் அபராதம் தீட்டியது! நாஸா கட்டவில்லை. 2009-ல் ஒரு அமெரிக்க ரேடியோ நிகழ்ச்சிக்காரர் நேயர்களிடம் வசூல் பண்ணிக் கட்டினார்.

"விண்வெளி நிலையமே பிரேக்டவுன் ஆன ஏரியாண்ணா இது!" என்று சிரித்தான் தம்பி. அவன் வாய்க்குச் சர்க்கரை போட்டிருக்கக் கூடாது. பிளாஸ்திரிதான் போட்டிருக்க வேண்டும்.

பல்லடோனியா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு போர்டு. '90 மைல் நேர்ச்சாலை' என்று. 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம். இரு பக்கமும் ஆள் உயரப் புதரும் குட்டை மரமுமாகத்தான் இருந்தது. (மரமே இல்லாத பகுதி இன்னும் கிழக்கே.) வெளியே 41 டிகிரி.

இந்த நேர்கோட்டில் பாதிக்கு மேல் வந்திருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம். பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. டெம்பரேச்சர் முள் சட்டென்று சிவப்பு கோட்டுக்குத் தாவியது.

தம்பி அடுத்த விநாடி காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டான். 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்' என்று நினைக்கவே இல்லை. பிற்பாடு தெரிந்தது, அந்த ஒரு விநாடிதான் டிக்கெட் காசு என்று. தண்ணீர் இல்லாமல் இன்ஜின் ஓடினால் மேலே இருக்கும் அலுமினிய 'ஹெட்' சூட்டில் வளைந்துகொள்ளும். நடுவில் உள்ள கேஸ்கட் போய்விடும். அதைச் சரிபண்ணுகிற செலவு, காரின் விலையை முழுங்கிவிடும்.

செல்போனில் சிக்னல்? வானத்தைக் காட்டினோம், பூமியைக் காட்டினோம். ஒரு கோடுகூட இல்லை. அடுத்த ரோட்ஹவுஸ் கைகுனா, இன்னும் எழுபது கிலோமீட்டர். இந்த மாதிரி இடத்தில் வண்டியை விட்டு நடக்கவே கூடாது என்பது அந்த நாட்டில் பாலபாடம். தேடி வருகிறவர்கள் கண்ணுக்குக் கார் தெரியும், மனிதன் தெரியமாட்டான். கார் நிழலில் உட்கார்ந்தோம். ஈக்கள் வந்து குசலம் விசாரித்தன. தம்பி ஒன்றும் பேசவில்லை. கல்யாணப் பத்திரிகையை போனில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பி.காம் படித்தவனுக்கு உட்கார வைத்தால் எண்ணத் தோன்றும். எண்ணினேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் எங்களைக் கடந்த வண்டிகள் 11. அதில் நின்று விசாரித்தவை 8. எதிர்ப்பக்கம் போனவர்கள்கூட வேகத்தைக் குறைத்து, கட்டை விரலை உயர்த்தி, 'எல்லாம் சரியா?' என்று சைகையில் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். நாங்கள் யார், எந்த நாடு என்று ஒருத்தர் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி இருக்கா?"

முதலில் நின்றது ஒரு நரைத்த நாடோடித் தம்பதி. அம்மா உடனே கேரவனில் டீ போட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடி மேல் கை வைக்கப்போன என்னைத் தடுத்தார். "சூடு ஆறட்டும். திறந்தா மூஞ்சி வெந்துடும்" என்றார். அரை மணி காத்திருந்தோம். அதற்குள் தன் வண்டியில் இருந்த ரேடியோவில் 40-ம் சேனலைப் பிடித்தார். அது லாரிக்காரர்களின் சேனல். ரோட்டில் இரண்டு பக்கமும் வருகிற டிரைவர்களுக்கு விஷயம் போய்விட்டது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளாம்ப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கிழிந்திருந்தது. ரப்பர் வயசாகி வெடித்துவிட்டது. பெரியவர் பேனாக்கத்தியால் கிழிந்த ஓரத்தை ஒரு அங்குலம் வெட்டி எறிந்தார். மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளாம்பை முறுக்கினார். அவ்வளவுதான் வைத்தியம்!

நிரப்பத் தண்ணீர் வேண்டுமே? எங்களிடம் இருந்தது குடிக்கிற தண்ணீர். அதைத் தொடவே விடவில்லை. அப்போது வந்து நின்றது ஒரு ரோடு டிரெயின். 36.5 மீட்டர் நீளம். பிரேக் போட்டு நிற்பதே பெரிய வேலை. டிரைவர் இறங்கி ஒரு கேன் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "கைகுனாவில சொல்லி வைக்கிறேன்" என்று ஏறிப் போய்விட்டார்.

"அறுபதுக்கு மேல போகாதீங்க. மூடியை முழுசா முறுக்காதீங்க, பிரஷர் ஏறினா ஒட்டு தாங்காது. ஹீட்டரை ஃபுல்லா போடுங்க, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கும்" என்றார் பெரியவர். 41 டிகிரியில், ஹீட்டர் போட்டுக்கொண்டு எழுபது கிலோமீட்டர்! இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள் உலகத்தில் நாங்கள் இருவர்தான். அவர்கள் கேரவன் கைகுனா வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தது.

ரோட்ஹவுஸில் ரிப்பேர் தெரிந்த ஒருவர் சோதித்தார். ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் பரீட்சை. உள்ளே ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, கேஸ்கட் காலி. மூடியைத் திருகினார். தம்பி மூச்சு விடவில்லை. மூடியை எங்கள் பக்கம் காட்டினார். கறுப்பு. சுத்தமான டிகாக்ஷன் கறுப்பு!

புது ஹோஸ் நார்ஸ்மனிலிருந்து லாரியில் வர வேண்டும். இரண்டு ராத்திரி அங்கேயே. கைகுனாவைத் தாண்டிக் கிழக்கே போனால் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிஷம் முன்னால் ஓடும். அரசாங்கம் சட்டப்படி அங்கீகரிக்காத நேரம் அது. அந்த நாலைந்து ரோட்ஹவுஸ்காரர்களாக வைத்துக்கொண்டது.

காத்திருக்கிற நேரத்தில் அந்த இடத்தின் கதை கிடைத்தது. எட்வர்ட் ஜான் அயர் என்ற ஆங்கிலேயர் 1841-ல் இந்த வறட்டுக் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார். கைகுனாவுக்குத் தெற்கே, கடலோரப் பாறை மேட்டில், ஏப்ரல் 29-ம் தேதி இரவு அவருடைய துணைவர் ஜான் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். கூட வந்த பழங்குடியினர் இருவர் சாமான்களோடு மறைந்துவிட்டார்கள். மிஞ்சியது அயரும், ஆல்பனி பக்கத்துப் பழங்குடி இளைஞரான வைலியும். இரண்டு பேரும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்து, சாகாத குறையாக எஸ்பரன்ஸ் பக்கம் வந்தபோது கடலில் ஒரு கப்பல் தெரிந்தது. பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் 'மிஸ்ஸிஸிப்பி'. அதன் கேப்டன் ராஸிட்டர், முன்பின் தெரியாத இவர்களைக் கப்பலில் ஏற்றி, இரண்டு வாரம் போல வைத்துச் சோறு போட்டு, துணிமணியும் கொடுத்து அனுப்பினார். ஜூலையில் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டுக்கு அயர் பெயர் வைத்தது சரி. ஆனால், அந்த ரோட்டில் இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள் நடந்துகொள்வது ராஸிட்டர் மாதிரி.

கிளம்புகிற அன்று காலையில், தம்பதி தங்கள் கேரவனை மாட்டிக்கொண்டிருந்தார்கள். (எங்களுக்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார்கள் என்று எனக்குச் சந்தேகம்.) தம்பி ஐம்பது டாலர் நோட்டை நீட்டினான். பெரியவர் அதை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். "ரோட்டில எவனாவது நின்னுக்கிட்டிருந்தா நில்லு. கணக்கு தீர்ந்துடும்" என்றார்.

கணக்கு சீக்கிரமே வந்தது. மதுரா தாண்டி சாயந்திர நேரம். வழியில் இரண்டு ஜெர்மன் பெண்கள், பங்க்ச்சரான டயரோடு. சக்கரத்தின் நட்டு கழல மாட்டேன் என்கிறது. எங்களுக்கோ ஏற்கெனவே இரண்டு நாள் போயிருந்தது. நின்றால் இருட்டிவிடும், இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும், ஓட்ட முடியாது. இன்னொரு நாளும் அம்பேல். நான் வாட்ச்சைப் பார்த்தேன். தம்பி பிரேக்கை மிதித்தான். ஒன்றரை மணி நேரம். ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்துத்தான் கழற்றினோம். அன்று ராத்திரி யூக்லாவுக்கு முன்னாலேயே, ரோட்டோரம் காரிலேயே தூக்கம்.

செடூனா செக்போஸ்ட்டில் பழங்களைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். பூச்சி பரவாமல் இருக்கச் சட்டம் அப்படி. வருஷம் முழுக்க ஆப்பிள் பறித்தவன், ஆசையாகக் கொண்டுவந்த நாலு ஆப்பிளைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

அடிலெய்டில் காரை வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்தார். "எல்லாம் பழசு, ஹோஸ் மட்டும் புதுசா இருக்கே?" என்றார். மழுப்பியிருக்கலாம். தம்பி நல்லார்பர் கதையை ஒன்று விடாமல் சொன்னான். விலையில் முந்நூறு குறைந்தது. கைக்கு வந்தது 1,900. கடைசி நேர டிக்கெட்டுக்கு 140 டாலர் இடித்தது.

"இதை மட்டும் கடனா குடுங்கண்ணா" என்றான். கொடுத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் போய் இறங்கி, பொரி போட்டான். 140 டாலரை அடுத்த மாதமே திருப்பிவிட்டான்.

வரவு ஒருத்தரிடம் வந்தால் பற்றும் அவர் பெயரில்தான் எழுத வேண்டும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லார்பரில் அந்த விதி செல்லாது. பெரியவரிடம் வாங்கிய கடனை ஜெர்மன் பெண்களிடம் கட்டினோம். அவர்கள் எங்கே, யாரிடம் கட்டினார்களோ! யாரும் எழுதாத இந்தப் பேரேடு அங்கே வருஷக்கணக்காக டேலி ஆகிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் உபரி ஹோஸ் ஒன்றும், இருபது லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு நாள் லீவைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கார் நின்றால் உதவும். நிற்காவிட்டால், நின்றுபோன இன்னொருத்தருக்கு உதவும்.