அக்காவோட ஓட்டு

எங்க வீட்டுல டிவி ரிமோட் யார் கையில இருக்கோ அவங்கதான் ஆளுங்கட்சி. ராத்திரி எட்டு மணி விவாதம் ஆரம்பிச்சா டிவியில நாலு பேர் கத்துவாங்க, இந்தப் பக்கம் நானும் அக்காவும். "சாப்பிடுற நேரத்துல கட்சி பேர் எடுத்தா தோசை கிடையாது"ன்னு அம்மா சட்டம் போட்டாங்க. அன்னியிலிருந்து கட்சி பேரே இல்ல. "உங்க ஆளு", "எங்க ஆளு"தான்.

அக்கா என்னைவிட அஞ்சு வயசு பெரியவ. அவ தமிழ் மீடியம், நான் இங்கிலீஷ் மீடியம். அவ பாதி ஸ்கூல் முடிச்ச பிறகுதான் அப்பாவுக்கு ஃபீஸ் கட்டுற தெம்பு வந்தது. அதை அவ ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்ல. அதுக்குப் பதிலா என் தமிழை ஓட்டுவா. 2016 தேர்தல் சமயம், "டெபாசிட் இழந்தார்"னு பேப்பர்ல படிச்சிட்டு, பாவம், பேங்க்காரன் ஏமாத்திட்டான் போலன்னு நினைச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு அப்புறம் சொல்லிக் கொடுத்தா. சட்டமன்றத்துக்கு நிக்கிற பொது வேட்பாளர் 10,000 ரூபாய் கட்டணும், செல்லுற ஓட்டுல ஆறுல ஒரு பங்கைத் தாண்டலன்னா அது திரும்ப வராது. இன்னிக்கும் என் செமஸ்டர் ரிசல்ட் வந்தா முதல் கேள்வி, "டெபாசிட்டாவது மிஞ்சிச்சா?"

அந்த 2016ல எங்க திருமயம் தொகுதியில திமுக ஜெயிச்சது வெறும் 766 ஓட்டுல. 2021ல அதே ரெண்டு வேட்பாளர், அதே முடிவு, வித்தியாசம் 1,382. சட்டமன்றத்துக்கு அக்கா போட்ட முதல் ஓட்டு அது. "நான் மட்டும் போடலன்னா இந்த நம்பரே மாறியிருக்கும்"னு ஒரே பெருமை.

"கூடியிருக்குமா, குறைஞ்சிருக்குமா?"

"ரகசிய வாக்கெடுப்புடா."

என் முதல் ஓட்டு 2024 ஏப்ரல் 19. ஹாஸ்டல்ல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்து போட்டேன். திரும்பி வரும்போது என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தா. "புரிஞ்சிருச்சு. உன் ஓட்டுக்கும் என் ஓட்டுக்கும் கழிஞ்சிருச்சு. வெயில்ல நடந்ததுதான் மிச்சம்" என்றாள். நான் ஏதோ பதில் பேச, கோட்டை வரைக்கும் சண்டை. அங்க ஒரே குன்றுல சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்து பக்கத்துல இருக்கு. ரெண்டு கோயிலுக்கும் வருமானப் பங்குல தகராறு வந்து, 13ஆம் நூற்றாண்டுலயே பஞ்சாயத்து பேசி கல்வெட்டுல வெட்டி வெச்சிருக்காங்க. "இந்த ஊர்ல சாமியே ஒத்துப்போகல, நாம எங்க?"ன்னு அதையும் அவளே முடிச்சு வெச்சா.

போன ஆவணியில அவளுக்குக் கல்யாணம். மணப்பாறை. புதுக்கோட்டை எம்பி தொகுதி 2008 மறுசீரமைப்புல காணாமப் போச்சு. மாவட்டம் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர்னு நாலா சிதறிடுச்சு. மணப்பாறையும் கரூர்லதான் வருது. "உனக்கு மாவட்டம் புதுக்கோட்டை, எம்பி சிவகங்கை. எனக்கு மாவட்டம் திருச்சி, எம்பி கரூர். எங்க போனாலும் நம்ம குடும்பத்துக்குச் சொந்த எம்பி கிடையாதுடா"ன்னு மண்டபத்துலயே சொல்லி சிரிச்சா. அம்மா முறைச்சாங்க.

நவம்பர்ல வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. அங்கன்வாடி டீச்சர் நாலு படிவம் கொண்டு வந்தாங்க. அப்பா, அம்மா, அக்கா, நான். லீவுக்கு வந்திருந்த என் தலையில அந்த வேலை விழுந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியல்ல அப்பா பேரைத் தேடிப் பிடிக்கவே ஒரு சாயங்காலம் போச்சு. அக்கா படிவத்துக்கு என்ன எழுதணும்னு டீச்சர் காட்டினதைப் பார்த்துட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"உன் பேருக்கு 'நிரந்தரமாக இடம்பெற்றவர்'னு போடணுமாம்க்கா. நல்லதுதானே?"

"டேய், நல்லாப் படி."

படிச்சேன். இடம்பெயர்ந்தவர்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல. பின்னாடி ஏதோ சீரியல் பாட்டு கேட்டது.

"நீ விவாதம் பாக்கலயா?"

"இங்க எட்டு மணிக்கு சீரியல்டா. நியூஸ் யாரும் பாக்க மாட்டாங்க. நான் கிச்சன்ல போன்ல பாத்துக்குவேன், சத்தம் கம்மியா வெச்சு." உடனே குரலை மாத்திக்கிட்டா. "எழுதிடு. இனிமே உன் ஓட்டு முழுசா எண்ணிக்கையில சேரும். கழிக்க ஆளில்ல."

"அங்க நீ பேர் சேர்க்க எழுதிக் கொடுத்தியா?"

"உங்க மாமா பாத்துக்கறேன்னாரு."

"நீ கொடுத்தியா?"

பதில் இல்ல. ஆதார்ல அட்ரஸ்கூட இன்னும் திருமயம்தான். இங்க அடிச்சிட்டா, அங்கயும் இல்லன்னா, 1,382ஐ மாத்துன ஆளு எந்தப் பட்டியல்லயும் இருக்க மாட்டா. வழக்கமா கேள்வி கேக்குறது அவதான். அன்னிக்கு நான் கேட்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "அக்கா, உனக்கு டெபாசிட் போயிரும் போல"ன்னேன். சிரிச்சா. நல்லவேளை.

என்ன பேப்பர் இருக்கு, என்ன இல்லன்னு பாக்க ஆரம்பிச்சோம். லேப்டாப்ல விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொரு வரியா நான் படிக்க, சமையல் சத்தத்துக்கு நடுவுல அவ திருத்திக்கிட்டே வந்தா. "அது 'உறவினர்'டா, 'உறுப்பினர்' இல்ல. என்னடா படிச்ச நாலு வருஷம்?"