இடைவெளி வைப்பவர்கள்

சிவகாசியில் ‘ரோலண்ட்’ என்ற பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. அச்சகத்தில் கேட்டால், ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரில் பிறந்த ஆஃப்செட் இயந்திரம். எங்கோ ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் ஓடிவிட்டுப் பழைய சரக்காகக் கப்பலேறி வந்தது. பொங்கல் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவிடம் கேட்டால், ஜப்பானில் 1972இல் இக்குதாரோ ககேஹாஷி தொடங்கிய நிறுவனத்தின் ரிதம் பேட். இரண்டு நிறுவனங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இந்த வட்டாரம் இரண்டையும் ஒரே மாதிரிதான் கையாள்கிறது: பிரித்துப் போட்டு, தேய்ந்ததை மாற்றி, தன் வேலைக்குத் தோதாகத் திரும்பப் பூட்டிக்கொள்கிறது. தாள இயந்திரம் என்றாலே வாசிக்க ஆள் இல்லாத வாத்தியம் என்று நினைத்துவிடுகிறோம். விருதுநகர் முதல் சாத்தூர் வரையுள்ள பட்டறைகளையும் மேடைகளையும் பார்க்கும்போது எனக்கு வேறு முடிவு தோன்றுகிறது. ஆள் இருக்கிறார், மேடையில் இல்லை, பட்டறையில் இருக்கிறார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிக்கிறவர்தான் அந்த இயந்திரத்தை வாசிக்கிறவர்.

இதைச் சோதிக்கத் தோதான பொருள், தமிழ்நாட்டுக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் முழங்கும் மின்சார மேளம். இரும்புச் சட்டத்தில் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், சிறிதும் பெரிதுமாக இரண்டு புல்லிகள், நீளமான ஒரு சுழல்தண்டு. தண்டின் மேல் ஆங்காங்கே இரும்பு முட்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள். தண்டு சுழலும்போது முட்டு வந்து நெம்புகோலின் வாலை அழுத்தும், மேளக்கோல் எழும்பும். முட்டு விலகியதும் ஸ்பிரிங் சுண்டி இழுக்க, கோல் மேளத்தில் வந்து அறையும். மணிக்கும் ஜால்ராவுக்கும் இதே ஏற்பாடுதான். நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரில் 2 அங்குலப் புல்லியையும் தண்டில் 12 அங்குலப் புல்லியையும் மாட்டினால், தண்டு 240 சுற்று சுற்றும். ஒரே முட்டு இருந்தால் நொடிக்கு 4 அடி. தண்டில் இன்னும் பெரிய புல்லியைப் போட்டால் காலம் தளரும். எதிரெதிரே இரண்டு முட்டு வைத்தால் அடிகள் சமமாக விழும். ஒன்றைச் சற்றே தள்ளிப் பற்றவைத்தால் ஒரு குறில், ஒரு நெடில் என்று நடை மாறும். ஆக, இந்த மேளத்தின் தாளம் தோலிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை. வெல்டிங் செய்கிறவர் முட்டை எந்தக் கோணத்தில் வைத்தாரோ, அந்தக் கோணத்தில் இருக்கிறது.

இந்த உத்தி மிகப் பழையது. அல் ஜஸரி 1206இல் முடித்த பொறியியல் நூலில், விருந்து மண்டபத்துக் குளத்தில் மிதக்கும் படகில் பொம்மைகள் மேளம் கொட்டும் ஏற்பாடு ஒன்று வருகிறது. அங்கும் சுழலும் தண்டில் செருகிய முளைகள்தான் நெம்புகோலைத் தட்டுகின்றன. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 தாள இயந்திரம் அதே வேலையை மின்னணுவில் செய்தது: வரிசையாக 16 பொத்தான்கள், அழுத்திய இடத்தில் அடி, அழுத்தாத இடத்தில் மௌனம். பம்பாயில் இந்திப்படப் பாடல்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் 808உடன் அதே நிறுவனத்தின் டிபி-303, ஜூபிடர்-8 என்ற மின்னணு இசைக்கருவிகளையும் இணைத்துப் பத்து ராகங்களை இசைத்தட்டாக்கினார். அன்றைக்கு அது விலைபோகவில்லை; 2010இல் மறுபடி வெளியானபோதுதான், ஆசிட் ஹவுஸ் என்று மேற்கே பின்னால் பெயர்பெற்ற இசையின் சாயல் அதில் முன்கூட்டியே இருந்ததை உலகம் கவனித்தது. அவர் கையில் இருந்தவை எல்லாருக்கும் கடையில் கிடைத்த கருவிகள். அவற்றில் அவர் ஏற்றிய அமைப்புதான் அவருடையது.

சிவகாசியின் பட்டாசு வட்டாரத்துக்கு இந்த இடைவெளிக் கணக்கு புதிதும் இல்லை. சரவெடியைப் பின்னியவர் செய்ததும் இதுதான். பொதுத்திரி எரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு வெடியின் திரியும் அதில் எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்துப் படபடவென்று பொரிவதோ விட்டுவிட்டு வெடிப்பதோ முடிவாகிறது. ஒரே முறை ஓடித் தீரும் தாள இயந்திரம் அது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது, புகையும் இரைச்சலும் குப்பையும் பேசப்பட்டன, அது நியாயம்தான். பின்னிய விரல்களில் இருந்த கால அளவை ஒரு திறமை என்று மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மேடைக்கு வருவோம். 1985இல் வந்த ரோலண்டின் முதல் ரிதம் பேடான ஆக்டோபேடில் தட்ட எட்டுத் தளங்கள் இருந்தன, சொந்த ஒலி எதுவும் கிடையாது. வேறொரு கருவியைத் தூண்டுவதே அதன் வேலை. பிறகு வந்தவற்றில் ஒலி உள்ளேயே இருந்தது. எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்றவற்றில் நாமே பதிவுசெய்து ஏற்றிக்கொள்ளலாம். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கோ இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளிக்கோ அம்மன் பாட்டு வாசிக்க வேண்டியவருக்குத் தொழிற்சாலை ஏற்றி அனுப்பிய டிரம்ஸ் போதாது. உறுமியும் பம்பையும் உடுக்கையும் வேண்டும். ஒலியைப் பதிவுசெய்தால் மட்டும் ஆயிற்றா? பதிவின் தொடக்கத்தில் மயிரிழை அளவு மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் குச்சி விழுந்த பிறகே ஒலி வரும், பாட்டு முழுக்கப் பின்வாங்கும். அதை அலை வடிவில் பார்த்து, காதால் உறுதிசெய்து நறுக்க வேண்டும். ஒரு தளத்தைத் தட்டினால் பக்கத்துத் தளமும் சேர்ந்து ஒலிக்கும் கோளாறு இன்னொன்று. அதிர்வை உணரும் வில்லையையும் அதன் அடியிலுள்ள பஞ்சையும் பார்த்து, உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சரிசெய்வார்கள். அதிகம் குறைத்துவிட்டால் மெல்லிய தட்டு காணாமல் போகும். எங்கே நிறுத்துவது என்பதை வாசிப்பு தெரிந்த காதுதான் சொல்லும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு வயிற்றிலிருந்து வருகிறது. மின்சார மேளம் வந்ததும் கொட்டுகிறவருக்குக் கோயிலில் வேலை போயிற்று; ஒரு பேட் வந்ததும் மூன்று நான்கு தோல்கருவிக்காரர்களின் இடம் ஒருவர் கைக்குப் போயிற்று. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன வேலை எல்லாம் ஒரே வகையானதா என்று பார்க்க வேண்டும். தவிலும் நாகஸ்வரமும் பயிற்சியால் வந்த கலை; அதற்குரிய சம்பளத்தை இயந்திரத்தைச் சாக்காக வைத்து மிச்சப்படுத்துவது நிர்வாகத்தின் கஞ்சத்தனம், அந்தப் பழியை முட்டைப் பற்றவைத்தவர் மேல் போட முடியாது. இன்னொரு பக்கம், ஊர் வழக்கம் என்ற பெயரில் பறை கொட்டச் சிலரைக் கட்டாயப்படுத்திய கதையும் இதே கிராமங்களில் உண்டு. அந்தக் கட்டாயம் ஒழிந்ததற்கு வருந்த ஒன்றுமில்லை. இசைத் தொழில் கைமாறும்போது புதிதாக வந்தவரையும் கணக்கில் சேர்த்தால்தான் யாருக்கு என்ன கூலி என்று பேசவே முடியும்.

இரண்டாவது மறுப்பு பழம்பொருள் சேகரிப்பவர்களுடையது: பழைய கருவியை நோண்டினால் அதன் அசல் ஒலி கெட்டுவிடும் என்பார்கள். அருங்காட்சியகத்தில் வைக்கிற ஒன்றிரண்டுக்கு அந்த விதி சரி. ஆனால் அசல் என்பதன் பூர்வீகத்தைப் பாருங்கள். 808இன் ‘ஸ்ஸ்’ என்ற ஒலிக்கு, தரத்தில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டதே காரணம் என்று ககேஹாஷியே சொல்லியிருக்கிறார். தயாரிப்பு 1983இல் நின்றது. உருவானவை ஏறத்தாழ 12,000தான். கழித்துவிட்ட உதிரியைக் காதுக்கு ஏற்றபடி பொருத்திய வேலையை ஒசாகாவில் கண்டுபிடிப்பு என்றும், சிவகாசியில் ஒட்டுவேலை என்றும் அழைப்பது நியாயமில்லை. இயந்திர அடியில் உயிர் இல்லை என்ற மூன்றாவது குறையும் உண்டு. உண்மைதான், அர்ச்சகரின் கை உயர்வதைப் பார்த்து இந்த மேளம் வேகம் கூட்டாது. தவிலுக்கு ஈடு என்று நானும் சொல்லவில்லை. இதிலும் ஒருவருடைய லயம் குடியிருக்கிறது என்கிற அளவில்தான் என் வாதம் நிற்கிறது.

அந்த லயம் கணக்கில் வருவதே இல்லை. லேத் பட்டறை ரசீதில் பெல்ட் விலை இருக்கும், வெல்டிங் கூலி இருக்கும், மோட்டார் வைண்டிங் இருக்கும். முட்டு தேய்ந்து நொண்டிய மேளத்துக்குப் புது முட்டு வைத்தவர் உடனே கரண்ட் கொடுப்பதில்லை. பெரிய புல்லியைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறார். கோல் விழுகிறது, மணி விழுகிறது, கோல் விழுகிறது. அரத்தை எடுத்து முட்டின் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி சுற்றிப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் சுவிட்சுக்குக் கை போகிறது.