ரவுட்டர் வாங்கப் போய் வீட்டை அளந்த கதை

எங்கள் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஒரு மாதமாக அவளோடு எங்களுக்கு ஒரே வழக்கு. எல்லோரும் படுத்த பிறகு, இரவு பத்து மணி தாண்டி, முன் ஹோலில் போனோடு உட்கார்ந்திருப்பாள். "இந்நேரத்தில என்ன போன்?" என்று ஏசினோம். இரண்டு நாள் போனை வாங்கியும் வைத்தோம்.

மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள். "உம்மா, என்ட ரூமுக்குள்ள வைஃபை எடுக்குதில்ல. பின்னேரத்தில வாப்பாட ஆக்கள் ஹோல்ல இருக்காங்க. அவங்க போன பொறகுதான் வந்து பேப்பர் டவுன்லோட் பண்ற."

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாளே கடைக்குப் போனோம். கடைத் தம்பி ஆறு அன்டெனா உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். விலை 25,000 ரூபாவுக்கு மேல். "இதப் போட்டா ரோட்டு வரைக்கும் அடிக்கும் சேர்" என்றார். வாங்கிவிடத்தான் நினைத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று, எங்கள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் சேருக்கு ஒரு கோல் எடுத்தோம்.

"இப்ப உள்ள ரவுட்டர் எங்க இருக்கு?"

"டிவிக்குப் பின்னால."

"அப்ப வாங்காம வாங்க. மொதல்ல வீட்ட அளந்து பாருங்க."

கொப்பித் தாளொன்றில் வீட்டைக் கீறினோம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக வேகத்தைப் பார்த்து எழுதினோம். முன் ஹோலில் 40 மெகாபிட். நடு அறையில் 18. மகளின் அறையில் 2. குசினியில் ஒன்றுமேயில்லை. வீட்டில் வைஃபை யாருக்கு, யாருக்கு இல்லை என்பது அந்தத் தாளில் அப்படியே தெரிந்தது.

காரணம் விளங்கக் கஷ்டமில்லை. ஃபைபர் வயர் ரோட்டுப் பக்கச் சுவரால் வருவதால், இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் பெட்டியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கும் மகளின் அறைக்கும் இடையில் மூன்று சுவர், ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. வைஃபை என்பது வானொலி அலைதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம் பக்கத்து ரவுட்டர்களும் அதே அலையில்தான் நெருக்கியடிக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். இரும்பும், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பூச்சும் இரண்டையுமே திருப்பி அடிக்கும்.

அப்படியென்றால் அந்த ஆறு அன்டெனா? சேர் வகுப்பறையை வைத்தே விளங்கப்படுத்தினார். நாங்கள் கத்திப் படிப்பித்தால் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்கும். ஆனால் அந்தப் பிள்ளை மெதுவாகச் சொல்லும் பதில் எங்களுக்குக் கேட்க வேண்டுமே! ரவுட்டர் எவ்வளவு உரத்துப் பேசினாலும் போனின் குரல் சின்னது. கிட்டப் போவதுதான் வழி.

ஆகவே பழைய பெட்டியை அதன் இடத்திலேயே விட்டோம். அதிலிருந்து கூரையோரமாக 18 மீற்றர் லேன் கேபிள் இழுத்து, நடு அறையில் உயரமாக ஒரு சின்ன ரவுட்டரை 'அக்சஸ் பொயின்ட்' முறையில் பூட்டினோம். லேன் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். கேபிள் இல்லாத எக்ஸ்டென்டர் விலை குறைவுதான். ஆனால் பலவற்றில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். கேபிள் கூலியும் சேர்த்து, கடைத் தம்பி காட்டியதன் விலைக்குள்ளேயே வேலை முடிந்தது.

வாங்கும்போது நாங்கள் பார்த்தவை:

1. 2.4, 5 இரண்டு அலையும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள 1200 என்பது 300ஐயும் 867ஐயும் கூட்டிக் கிட்டத்தட்டப் போட்ட கணக்கு. ஒரு போனுக்கு அவ்வளவும் கிடைக்காது.

2. வைஃபை 6 என்றால் நல்லது. ஒரே நேரத்தில் பல போன்களைச் சமாளிக்கும். எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்தோம், ஒன்பது!

3. கேபிள் பூட்டும் துவாரம் கிகாபிட்டா என்று கேளுங்கள். 10/100 என்று இருந்தால், அந்தக் கேபிளால் 100 மெகாபிட்டுக்கு மேல் வராது.

4. பாதுகாப்பு டபிள்யூபிஏ3, குறைந்தது டபிள்யூபிஏ2. ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

5. 2022இன் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். உங்கள் ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும்.

இப்போது மகளின் அறையில் 30 வருகிறது. பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். குசினியில் இருந்துகொண்டே அவளது உம்மும்மா கட்டாரில் உள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறார்.

ஆனால் எங்களுக்கு இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்பிவிட்டு, பதில் வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். 'அக்கறையில்லை' என்று சிலருக்கு எழுதியும் வைத்தோம். அவர்கள் வீட்டில் சிக்னல் எந்த மூலையில் எடுத்தது, போன் யாருடைய கையில் இருந்தது என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளையிடம் கேட்கவே ஒரு மாதம் சென்றதே!

ரவுட்டர் வாங்க இருப்பவர்கள் கடைக்குப் போக முதல் ஒரு கொப்பித் தாளை எடுத்து வீட்டைக் கீறுங்கள். பிள்ளை எந்த மூலையில் இருந்து படிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் முதல் புள்ளியை வையுங்கள்.