ஊரைச் சொல்லும் ஆடை

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டு மலைநகர் சிச்சிகாஸ்தெனாங்கோ. வியாழனும் ஞாயிறும் அங்கே சந்தை கூடும். புனித தோமையார் ஆலயப் படிகளில் மாயா இனப் பெண்கள் அமர்ந்து பூ விற்பர். அவருள் யார் எவ்வூரினர் என்று கேட்டறிய வேண்டுவதில்லை; அவரவர் அணிந்துள்ள மேலாடையே அதைச் சொல்லிவிடும்.

'வீப்பில்' எனப்படும் இவ்வாடையைப் பெண்களே இடுப்புத் தறியில் நெய்கின்றனர். தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவர். மறுமுனை நெய்பவளின் இடுப்பைச் சுற்றிய வாரோடு பிணைந்திருக்கும். அவள் பின்னே சாய்ந்தால் பாவு இறுகும். முன்னே சாய்ந்தால் தளரும். நெய்யும்போதே வண்ண நூல்களை இடையிடையே செருகி உருவங்களை எழுப்புவாள். சிறந்த வேலைப்பாடுள்ள ஆடையொன்று முடியப் பல மாதங்கள் ஆவதுண்டு.

சிச்சிகாஸ்தெனாங்கோ ஆடையில் கழுத்தைச் சுற்றிக் கதிரவனின் கதிர்கள் விரியும். அத்தித்லான் ஏரிக்கரையிலுள்ள சந்தியாகோ ஊரில் கோடிட்ட துணிமீது பறவைகள் அமர்ந்திருக்கும். முன்னாளில் நீலத்திற்கு அவுரியும், சிவப்பிற்குச் சப்பாத்திக் கள்ளியில் வாழும் சிறு பூச்சியும் பயன்பட்டன. இன்று பெரும்பாலும் ஆலையில் சாயமேற்றிய நூலே வருகிறது.

இந்த அடையாளமே ஒருகாலத்தில் உயிருக்கு உலை வைத்தது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர் அல்லது காணாமற் போயினர். அடையாளம் தெரிந்தோருள் 83 விழுக்காட்டினர் மாயா மக்களே என 1999-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை அறியும் ஆணையம் உரைத்தது. ஊரைக் காட்டிக்கொடுக்கும் ஆடையைக் களைந்து, வேற்றுடையில் நகரங்களுக்குத் தப்பிய பெண்கள் பலர்.

போர் ஓய்ந்தபின் வேறோர் இடர் வந்தது. இயந்திரத்தில் அச்சிட்ட போலித் துணிகள் மலிவாக விலைபோகின்றன. மாதக் கணக்கில் உழைத்தவளின் பொருளோ விலைபோவதில்லை. தங்கள் வடிவங்கள் தங்கள் சமூகத்தின் பொதுச் சொத்து என்பதைச் சட்டம் ஏற்கவேண்டுமென்று, 2016-இல் நெசவுப் பெண்கள் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகினர்.

அவர்களுடைய கவலையில் நியாயம் உண்டு. இக்கலை பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்டதன்று. தாயின் அருகே சிறு தறியுடன் அமரும் மகள், பார்த்துப் பார்த்துக் கற்பது. உழைப்பிற்கேற்ற கூலி இல்லையெனில், மகள் வேறு வேலை தேடிச் செல்வாள். அவளோடு அவ்வூரின் பறவைகளும் கதிர்களும் தறியை விட்டு நீங்கிவிடும். அதை உணர்ந்தே அப்பெண்கள் தங்கள் ஆடையை அணிந்தவாறே நீதி கேட்டு நிற்கின்றனர்.