பங்கு பிரியாத வண்டி

அப்பா மறைந்து இரண்டாண்டு கழித்து, 2021ஆம் ஆண்டில், சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டோம். பதினாறு விசைத்தறிகள் எட்டும் எட்டுமாகப் பிரிந்தன. ஓடப்பள்ளிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தின் நடுவே ஒரு புது வரப்பு எழுந்தது. வீடு, அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. பத்திரம் எழுதியவர் தலை நிமிர்ந்து, "வேறேதும் பாக்கி உண்டுங்களா?" என்று கேட்டபோது, தறிக்கூடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்ற ஜீப்பை எங்களில் எவரும் நினைக்கவில்லை. அல்லது நினைத்தும் சொல்லவில்லை. பள்ளிபாளையத்தில் பிறந்த எங்களுக்கு நூலைப் பிரிக்கத் தெரியும், பாவைப் பிரிக்கத் தெரியும். ஒரு ஜீப்பை எப்படி இரண்டாகப் பிரிப்பது?

பிரிக்க முடியாத பொருளுக்கு நேர்வதே அதற்கும் நேர்ந்தது. பாதி உரிமையுள்ள வண்டிக்கு முழுச் செலவு செய்ய இருவருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் பாட்டரி வாங்கி வைத்தால் மற்றவர் டயர் வாங்க வேண்டும். யார் முதலில் வாங்குவது என்பதிலேயே இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. பின்பக்கத் தகட்டில் ஓட்டை விழுந்து, அதில் ஒரு அணில் குடும்பம் குடியேறியது.

2023 ஆடியில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், சக்கரத்தைக் காலால் உதைத்தார், நாற்பத்தையாயிரம் என்றார். ஆளுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐநூறு. கணக்கு மிகச் சரியாக வகுபட்டது. நாங்கள் சம்மதிக்கும் நேரத்தில் அம்மா திண்ணையிலிருந்து சொன்னார்: "வித்துக்கங்க சாமி. வாங்கறப்பவும் உங்கப்பன் யாரையும் கேக்கல. விக்கறப்ப மட்டும் என்னைய எதுக்குக் கேக்கறீங்?" நாங்கள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வியாபாரியை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினோம். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது மகிந்திரா சி.ஜே. 500 டி, ஒருங்கிணைந்த சேலம் மாவட்டமாக இப்பகுதி இருந்த காலத்தில், 1984இல் பதிவான வண்டி. (நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்.) ஜீப்பின் பூர்வீகம் பலரும் அறிந்ததே. இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் வில்லிஸ் அதை உழவனுக்கான வண்டியாக விற்கத் தொடங்கியது. 1953இல் வந்த சி.ஜே. 3 பி வடிவத்தில், உயரமான புது எஞ்சினை உள்ளடக்க முன்மூடியை உயர்த்தினார்கள். அந்த உயர்ந்த நெற்றிதான் பின்னர் பல்லாண்டுகள் நம் நாட்டு ஜீப்பின் முகமாக நிலைத்தது.

இந்தியாவில் அதைக் கொண்டுவந்த நிறுவனத்தின் கதையை இந்த வேலையினூடே படித்தபோது சற்று நேரம் பேச்சற்றிருந்தோம். 1945இல் ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்னும் சகோதரர் இருவர், மாலிக் குலாம் முகமது என்பவருடன் சேர்ந்து தொடங்கியது அது. பெயர் மகிந்திரா அண்டு முகமது. தேசம் பாகம் பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் நிறுவனம் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாறியது. பாகப்பிரிவினையைத் தாண்டி ஓடிய வண்டி ஒன்று எங்கள் பாகப்பிரிவினையில் சிக்கி நின்றுகொண்டிருந்தது.

ஆளுக்கு நாற்பத்தையாயிரம், மொத்தம் தொண்ணூறாயிரம். ஒரு ரூபாயும் கூடுதலில்லை என்று முடிவு செய்தோம். அப்பாவின் பழைய நூல் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கணக்கெழுதத் தொடங்கினோம். இருவரும் ஒரே நோட்டில் எழுதியது பள்ளி நாட்களுக்குப் பிறகு அதுவே முதல்முறை.

முதல் பாடம் டிராக்டர் மெக்கானிக் ஒருவரிடமிருந்து கிடைத்தது. நாங்கள் கார் பட்டறைகளை விசாரித்துக்கொண்டிருக்க, அவரோ முன்மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். மகிந்திரா 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் நிறுவனங்களோடு கூடி டிராக்டர் செய்யப் புகுந்தது. பி-275 என்ற அந்த டிராக்டர் நம் பக்கத்துக் காடுகளில் உழாத மண் குறைவு. எங்கள் ஜீப்பின் டீசல் எஞ்சின் அந்த டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்தது. "இதுக்கு எதுக்குங் தம்பி கோயமுத்தூரு? டிராக்டர் சாமான் விக்கற கடைக்குப் போங்க" என்றார் அவர். நான்கு சிலிண்டர்களிலும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுழற்றிப் பார்த்தார். சற்று முரண்டுபிடித்துப் பின் சுழன்றது. பம்ப், நாசில், ரேடியேட்டர், பாட்டரி எல்லாம் சேர்த்து 31,200 ரூபாய். பிரேக் குழாய்களும் வில்பட்டைகளின் புஷ்களும் 12,500. பழைய டயர் நான்கு 10,000.

எஞ்சின் ஓடிய அன்று மாலையே எங்களில் இளையவர் வண்ண அட்டைகளை வாங்கி வந்துவிட்டார். டிங்கர் வேலைக்கு வந்த அண்ணன் அதைப் பார்த்து, "பெயிண்ட்டு கடைசி வேலைங். மொதல்ல தட்டிப் பாக்கலாம்" என்று சிறு சுத்தியலை எடுத்தார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. துருப்பிடித்த தகடு பொத்தென்று விழுந்தது. கண்ணுக்கு நன்றாயிருந்த இடங்களே பெரும்பாலும் பொத்தென்றன. இரண்டு தகடுகள் சேரும் மடிப்புகளிலும், சேசிஸின் மேல் பாடி அமரும் இடங்களிலும் நிலைமை மோசம். வெட்டவெளியான பரப்பில் நீர் வழிந்து காய்ந்துவிடும். இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில்தான் அது தங்கும். அங்கே பிறக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒட்டியிருந்த இரண்டையும் உள்ளிருந்தே நெம்பிப் பிரித்துவிடும். "வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாதுங். சேந்த எடத்துலதான் வெவகாரமே" என்றார் அவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அங்கேதான் எங்கள் பட்ஜெட் எங்களுக்கு நல்லது செய்தது. பணம் மிகுந்திருந்தால் பெரிய சக்கரங்களும், முன்னால் இழுவைப் பொறியும், பளபளக்கும் விளக்குகளும் வாங்கியிருப்போம். இருந்த பணத்துக்கு ஒன்றைத்தான் செய்ய முடிந்தது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் செலவிட்டோம். காலடித் தகடு முழுவதையும், பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் வெட்டியெடுத்து, 18 கேஜ் தகட்டில் புதிதாகச் செய்து வெல்டிங் வைத்தோம். அணில் குடும்பம் தானாகவே வேப்பமரத்துக்கு இடம் மாறிற்று. கூலியும் தகடும் 18,700. வண்டியைப் புதுப்பிக்கப் புகும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இது ஒன்றே: துருவின் மேல் பூசும் பெயிண்ட் துருவுக்குப் போர்த்தும் போர்வை. வண்டியின் அடியில் செலவிட்ட பிறகு மிஞ்சுவதே நிறத்துக்கான பணம்.

பழைய பெயிண்ட்டை உரிக்கும் வேலையைக் கூலிக்கு விடாமல் நாங்களே செய்தோம். இரவு ஷிப்டுக்கு ஆள் மாற்றிவிட்ட பின் கம்பிப் பிரஷ்ஷும் எமரித் தாளுமாக உட்காருவோம். மேலே செங்காவி, அப்பா கடைசியாகத் தாமே தூரிகையால் பூசியது, வழிந்த கோடுகளோடு. அதன் கீழே பச்சை. எங்களில் மூத்தவரின் திருமணத்துக்காக அடித்தது. அதற்கும் கீழே நீலம். ஒவ்வொரு படலம் உரியும்போதும் ஒரு கதை உரிந்தது. வலது மட்கார்டின் பள்ளம் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டியில் இடித்ததால் என்றார் ஒருவர். இல்லை, வாய்க்கால் மதகில் என்றார் மற்றவர். நெடுநாள் கழித்து நாங்கள் சொத்தைப் பற்றியல்லாத ஒரு விஷயத்துக்குச் சண்டையிட்டோம். அந்தப் பள்ளத்தை மட்டும் பட்டி வைத்து நிரப்ப வேண்டாம் என்று டிங்கர் அண்ணனிடம் சொல்லிவிட்டோம். மற்ற இடங்களில் மெல்லிய பட்டி, அதைத் தண்ணீர்த் தாளால் இழைத்து, பின் ரெட் ஆக்சைடு.

இனி நிறம். எங்களில் இளையவருக்கு ராணுவப் பச்சையில் ஆசை. ஜீப் என்றாலே எல்லார் மனத்திலும் எழும் நிறம் அது. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தெருவில் அந்நிறத்தில் ஓடும் ஜீப்புகள் பலவும் விதியை மீறி ஓடுபவையே. வேறு நிறம் என்றாலும் பதிவுச் சான்றில் மாற்றிக் குறிக்க வேண்டும். எங்கள் சான்றில் இருந்ததோ நீலம். அப்பா இருமுறை நிறம் மாற்றியும் சான்றை மாற்றவில்லை. டாஷ்போர்டின் பின்னால், வெயிலும் மழையும் தொடாத ஒரு முழ இடத்தில் அந்த முதல் நீலம் அப்படியே இருந்தது. லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பழகிய ஒருவர் அதைப் பார்த்தே கலந்து கொடுத்தார்.

பெயிண்ட்டில் இருவகை கைக்கெட்டின. சீக்கிரம் காயும் பி.யூ.; மெல்லக் காயும் எனாமல். முன்னது விலை அதிகம்; அதன் கெட்டிப்படுத்தும் திரவத்தின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, தக்க முகமூடியும் வேண்டும். நாங்கள் எனாமலை எடுத்தோம். பள்ளிபாளையத்தில் அதற்கொரு தனி இடர் உண்டு: பஞ்சுத்தூசி. தறிக்கூடங்கள் ஓடும்வரை காற்றில் மிதக்கும் தூசி, ஈரப் பெயிண்ட்டைக் கண்டால் விடாது. ஆகவே தறிகள் நிற்கும் ஆயுத பூசை நாளைத் தேர்ந்தோம். 2023 அக்டோபர் 23. தரையில் நீர் தெளித்து, சுற்றிலும் சேலை கட்டி அடித்து முடித்தோம். மாலையில் மழை இருட்டியது. ஈரக்காற்றில் எனாமல் காய மறுத்தது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாளென்று பக்கத்துக் கூடத்தில் தறியைத் தொடங்கிவிட்டார்கள். நண்பகலில் பார்த்தபோது முன்மூடி முழுவதும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அந்தத் தறிகள் வேறு யாருடையவையும் அல்ல, எங்களில் மூத்தவருடையவை. முன்பாயிருந்தால் அதுவே ஆறு மாதப் பகையாகியிருக்கும். இளையவர் ஒன்றும் பேசாமல் எமரித் தாளை எடுத்துவந்தார். மூத்தவர் வாளியில் நீர் கொண்டுவந்தார்.

மழைக்காலம் ஓயக் காத்திருந்தோம். 2024 பொங்கலுக்கு ஊரே தறியை நிறுத்தியது. இம்முறை இருவர் கூடமும் நான்கு நாள் சேர்ந்து நின்றன. தை முதல் நாள் வெயிலேறிய பின் அடித்தோம். மறுநாள் மாட்டுப் பொங்கல். மிஞ்சிய நீலத்தை அம்மா எடுத்துச் சென்று பசுவின் கொம்புகளுக்குப் பூசினார். தொழுவத்தில் பசுவும் வாசலில் ஜீப்பும் ஒரே நிறத்தில் நின்றன. பெயிண்ட்டுக்கு 15,600, முன்மூடியைத் திரும்பச் செய்ததற்கு 2,400. கூட்டிப் பார்த்தால் 90,400. நானூறு ரூபாய் கூடிவிட்டது. அதை யார் கொடுத்தது என்று நோட்டில் எழுதவில்லை.

எஞ்சியது பதிவுச் சான்று. அது மார்ச் மாதத்தோடு முடிகிறது. பழைய கார், ஜீப் வகைகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்திருந்தது. (2025 ஆகஸ்டில் இருபதாண்டு கடந்தவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள்.) அதைக்கூடத் தனியாகச் சமாளித்துவிடலாம். சிக்கல் வேறு. சான்றில் இன்னமும் அப்பாவின் பெயர் இருந்தது. உரிமையாளர் இறந்தால் படிவம் 31இல் வாரிசு ஒருவரின் பெயருக்கு மாற்ற வேண்டும். பிற வாரிசுகள் சம்மதக் கையெழுத்திட வேண்டும். ஐந்து மாதம் ஒரே விளக்கொளியில் துரு சுரண்டிய எங்களுக்கு, அந்தப் படிவத்தின் பெயர்க் கட்டத்தின் முன் மறுபடி பேச்சு நின்றது. "உன் பேர்ல போட்டுக்க" என்று இருவரும் சொன்னோம். சொன்ன குரலில் இருவருக்குமே உறுதியில்லை என்பதும் இருவருக்கும் தெரிந்தது.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தார். "எம்பேர எழுதுங்க. எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால ரெண்டு பேரும் வந்துதான ஆகோணும்" என்றார்.

ஆய்வு நாளன்று, சேசிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தோம். அரம் படாமல், துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துக் காத்திருந்த எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சான்று ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

இப்போது வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன்னால் உட்காரவைத்துத் தோட்டத்துக்குப் போகிறோம். போகும்போது ஒருவர் ஓட்டுவார், வரும்போது மற்றவர். உர மூட்டைகளைப் புது வரப்பின் இரு பக்கமும் இறக்க வேண்டியிருப்பதால், வண்டி வரப்பின் மேல் ஏறித்தான் போகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. சென்ற மழைக்குப் பிறகு பார்த்தோம். சக்கரம் ஏறும் இடத்தில் வரப்பு நன்றாகவே அமுங்கியிருந்தது. மண் வெட்டிப் போட்டு உயர்த்த இதுவரை இருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.